மெழுகு பழகிய கைக்கு வெண்கலம் வசப்படுமா?

கேள்வி: நான் பல் மருத்துவர். வயது 52. கொங்குப் பகுதியில் ஒரு நடுத்தர நகரத்தில் 27 ஆண்டுகளாகச் சொந்தமாகக் கிளினிக் நடத்திவருகிறேன். பல்லுக்கு உறை செய்யும் சிறிய ஆய்வகமும் என்னிடம் உண்டு. சில ஆண்டுகளாக, இரவில் நோயாளிகள் போன பிறகு, மிஞ்சிய மெழுகில் சிறு உருவங்கள் செய்துவருகிறேன். ஒரு நந்தியை ஆய்வகத்திலேயே உலோகத்தில் வார்த்தேன், படம் இணைத்திருக்கிறேன். இனி உலோகச் சிற்பியாக வேண்டும் என்பது என் ஆசை. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். கிளினிக்கை விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் அரை ஏக்கரில் கொட்டகை போட்டு, உலையும் வெல்டிங் கருவிகளும் வாங்கிவிடலாமா? மனைவி தயங்குகிறார். வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் என்னைப் போன்ற வெளியாளுக்குக் கற்றுத்தருவார்களா? வார்ப்பா, வெல்டிங்கா, எதில் தொடங்குவது? வருமானம் வருமா? 52 வயது தாமதமா?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு, வணக்கம்.

உங்கள் நந்தியைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். கட்டைவிரல் அளவுள்ள உருவத்தில் அலைதாடியின் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கூர்மையாகப் பிடித்திருக்கிறீர்கள். மூக்குத் துளையின் ஓரம், கண்ணிமையின் தடிப்பு, கொம்பு முளைக்கும் இடத்துச் சுருக்கம் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. திமிலுக்கு வந்தபோதுதான் உங்கள் கை தயங்கியிருக்கிறது. அது முதுகிலிருந்து எழவில்லை. தனியாகச் செய்து மேலே வைத்ததுபோல் இருக்கிறது. மடக்கிய முன்கால் மீது மாட்டின் பாரம் இறங்கவில்லை. நுணுக்கம் உங்களிடம் முன்பே இருக்கிறது, பாரம் இன்னும் வரவில்லை. உங்கள் கேள்விகள் அனைத்துக்குமான என் பதில் இந்த நந்தியிலேயே இருக்கிறது.

நானும் இடையில் வந்தவன்தான். கொதிகலன் செய்யும் ஆலையொன்றில் 23 ஆண்டுகள் வெல்டிங் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு, 46-ஆம் வயதில் சிற்பத்துக்கு வந்தேன். 17 ஆண்டுகள் ஆகின்றன. அதனால் வயதைப் பற்றிய கேள்விக்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. தாமதமில்லை. ஆனால், பழைய தொழிலிலிருந்து எதைக் கொண்டுவருகிறோம், எதை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை 25 வயதுப் பையன் யோசிக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் யோசித்தே ஆக வேண்டும்.

முதலில் நீங்கள் கொண்டுவருவதைச் சொல்கிறேன். சோழர் காலத்து வெண்கலங்கள் எந்த முறையில் பிறந்தனவோ, அதே முறையில்தான் நீங்கள் 27 ஆண்டுகளாகப் பல்லுக்கு உறை வார்த்துவருகிறீர்கள். மெழுகில் உருவைச் செய்வது, அதைச் சுற்றிச் சூடு தாங்கும் அச்சைக் கட்டுவது, மெழுகை உருக்கி வெளியேற்றுவது, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சிகாகோ பல் மருத்துவர் டாகர்ட் 1907-ல் இந்த முறையைத் தங்கப் பல் அடைப்புக்குக் கொண்டுவந்தார். அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கரையில் அது முழுவதுமாகக் கைவரப்பெற்றிருந்தது. மெழுகில் ஒரு மயிரளவு குறை இருந்தால் உலோகத்திலும் அது அப்படியே இருக்கும் என்பதை ஒரு புதிய மாணவனுக்குப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆகிறது. உங்களுக்கு அது தினசரி வேலை. உலோகம் ஓடும் வழியையும் காற்று வெளியேறும் வழியையும் எங்கே வைப்பது, ஆறும்போது உலோகம் எப்படிச் சுருங்கும் என்பதும் தெரியும். வெண்கலம் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்குகிறது. உங்கள் பல் உலோகக் கணக்கிலிருந்து அது வெகுதூரமில்லை.

மருத்துவமும் கலையும் வேறுவேறு உலகங்கள் என்று நினைத்துத் தயங்கவும் வேண்டாம். இன்று சென்னையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு 1850-ல் விதை போட்ட அலெக்சாண்டர் ஹன்ட்டர் அறுவைச் சிகிச்சை மருத்துவர்.

வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு நீங்கள் உறை செய்யும்போது, அது எப்படி இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பக்கத்துப் பற்களும் எதிர்ப்பல்லும்தான். நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்கிறீர்கள். கறை விழுந்த இடத்தைத் தேய்க்கிறீர்கள். மீண்டும் கடிக்கச் சொல்கிறீர்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வாயே சொல்லிவிடுகிறது. சிற்பத்தில் எதிர்ப்பல் கிடையாது. போதும் என்றோ, இன்னும் ஒரு நூல் குறை என்றோ சொல்ல எதிரே எதுவும் இருக்காது. ஆலையில் எனக்கு இருந்த எதிர்ப்பல் எக்ஸ்ரே படம். பற்றவைத்த இடத்தில் குமிழி இருந்தால் படம் காட்டிவிடும். சிற்பத்துக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகள், படம் இல்லாமல் நான் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. செய்ததையே செய்து, தேய்த்ததையே தேய்த்து, நல்ல உருவங்கள் பலவற்றை மழுங்கடித்திருக்கிறேன். உங்களுக்கும் இது வரும். துல்லியத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு இன்னும் கடுமையாக வரும்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தாலும் இன்னொரு முறை போங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலம். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. கைக்குக் கீழே வெறும் காற்று. ஆனாலும் எதிரே நின்று பார்க்கும்போது, உடலின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கை வழியாக வெளியே இறங்குவது தெரியும். இடுப்பு அதற்கேற்ப ஒசிந்திருக்கிறது. தோள் அதற்கேற்ப உயர்ந்திருக்கிறது. தாங்கும் பொருள் போன பிறகும் தாங்கப்பட்ட உடல் அப்படியே நிற்கிறது. உங்கள் நந்தியின் முன்காலில் இல்லாதது இதுதான். ஒரு நாள் முழுக்க அவர் முன்னால் இருங்கள். பக்கவாட்டிலிருந்து வரையுங்கள், முடிந்தால் பின்புறத்தையும் வரையுங்கள். சோழ வெண்கலங்களின் முதுகைப் பார்க்காமல் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பாரம் எப்படி இறங்குகிறது என்பதை முதுகுதான் காட்டிக்கொடுக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடமும் அப்படித்தான். திருவாலங்காட்டு நடராசருக்காகவே சென்னைக்கு ஒரு பயணம் போகலாம்.

எதிர்ப்பல் இல்லை என்றேன். மரபுச் சிற்பிகள் அதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். சுவாமிமலையில் நான் முதன்முதலில் உட்கார்ந்த பட்டறையில், எழுபது வயது கடந்த ஸ்தபதி ஒரு தென்னை ஓலைக் கீற்றை எடுத்தார். செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு அதை நறுக்கினார். பிறகு மடித்தார், மறுபடி மடித்தார். மடிப்புகளை நகத்தால் அழுத்திவிட்டு ஓலையை விரித்தபோது, தலைமுடி, முகம், கழுத்து, மார்பு, நாபி என ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடம் கோடுகளாக அதில் இருந்தது. அளவுகோலில் அங்குலமும் மில்லிமீட்டரும் எல்லாருக்கும் ஒன்று. ஓலை அந்த ஒரு உருவத்துக்கு மட்டும். வேலை முடியும்வரை அது அவர் மடியருகே கிடந்தது. தாலமானம் என்று நூல்கள் சொல்லும் உருவ அளவு முறையின் கைவடிவம் அதுதான். உத்தம தசதாலத்தில் உருவத்தின் முழு உயரம் 124 பங்கு. மத்திம தசதாலத்தில் 120. எந்தத் தெய்வத்துக்கு எந்தத் தாலம் என்பதை அவர்கள் சிறுவயதிலிருந்தே கையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

நீங்கள் நவீனச் சிற்பம்தான் செய்யப்போகிறீர்கள் என்றாலும் இந்த ஓலையிலிருந்து தொடங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. இதோடு உடன்படாத சிற்பி நண்பர்கள் எனக்கு உண்டு. மரபு கையைக் கட்டிவிடும் என்பார்கள். 20 வயதில் வருகிறவருக்கு அது உண்மையாக இருக்கலாம். நம்மைப் போல், அளவு சொல்லும் தொழிலிலிருந்து வருகிறவர்களுக்கு ஓலை ஒரு நல்ல இடைப்பாலம். அளவு இருக்கிறது. ஆனால் இரண்டு மடிப்புக்கு நடுவே என்ன நடக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை, அந்த இடத்தில் கண்தான் முடிவு செய்ய வேண்டும். கண் முடிவெடுக்கப் பழகுவது அங்கேதான்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கிளினிக்கை விற்க வேண்டாம். உலை வாங்க வேண்டாம். கொட்டகை போட வேண்டாம். அகலக் கால் வைத்து முதலுக்கே மோசமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். மற்ற வேலையிலிருந்து இதற்கு வருகிறவர்கள் முதலில் செய்வது கருவி வாங்குவதுதான். கையில் பணம் இருக்கும், ஆண்டுகள் குறைவாக இருப்பதாகத் தோன்றும்; பணத்தைக் கொடுத்து ஆண்டுகளை வாங்கப் பார்ப்போம். நானும் அப்படி ஆசைப்பட்டேன். உலோகச் சிற்பியின் வேலையில் உலோகம் உருகியிருக்கும் நேரம் மிகச் சொற்பம். சிற்பம் மெழுகிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய உலை வைத்திருக்கும் பட்டறையில் கூலி கொடுத்து வார்த்துக்கொள்ளலாம். உலகம் முழுக்கச் சிற்பிகள் அப்படிச் செய்கிறார்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கிளினிக் நேரத்தை மட்டும் குறையுங்கள். வாரத்தில் இரண்டு முழு நாள் சிற்பத்துக்கு என்று ஒதுக்குங்கள். இரவில் மிஞ்சும் நேரத்தில் செய்வது இனி உதவாது. ஒன்பது மணிவரை சின்ன வாய்க்குள் குனிந்து பார்த்த கண், அதன் பிறகு எதைச் செய்தாலும் சின்னதாகத்தான் செய்யும்.

முதல் ஆண்டு ஒரே ஒரு பயிற்சி. அம்மன் திருமேனிகளில் மலரைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கியிருக்கும் கடக முத்திரைக் கை இருக்கிறதல்லவா, அதை மெழுகில் இருபது முறை செய்யுங்கள். மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை உங்கள் சொந்தக் கையின் அளவில் செய்ய வேண்டும். சிறிதாகச் செய்யக் கூடாது. மெழுகு செதுக்கும் உங்கள் லெக்ரான் கத்தியையும் மற்ற சின்னக் கருவிகளையும் மேசை இழுப்பறையில் பூட்டிவிடுங்கள். கட்டைவிரலும், சூடாக்கிய ஒரு பெரிய கரண்டியும், மூங்கில் சீவலும் போதும். உட்கார்ந்து செய்யாதீர்கள். சுழலும் பலகையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்து, நின்றுகொண்டு செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாலடி பின்னால் போய்ப் பாருங்கள். 27 ஆண்டுகள் குனிந்த உங்கள் கழுத்துக்கும் அது நல்லது. உங்கள் வேலை இதுவரை மணிக்கட்டுக்குக் கீழே நடந்தது. இனி தோளிலிருந்து நடக்க வேண்டும். முதல் ஏழெட்டுக் கைகள் பாடப்புத்தகத்து எலும்புப் படம் மாதிரி இருக்கும். பத்தாவதுக்குப் பிறகு விரல்கள் எதையோ பிடிக்கத் தொடங்கும்.

மெழுகும் வேறு. நீங்கள் பயன்படுத்தும் மெழுகு கடினமானது, மெல்லிய விளிம்பு நிற்பதற்காகச் செய்யப்பட்டது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, கடலை எண்ணெய் விட்டு உருக்குகிறார்கள். கையில் பிசைந்தால் இளகும், தண்ணீரில் போட்டால் இறுகும். வெயில் காலத்துக்கு ஒரு பதம், மார்கழிக்கு ஒரு பதம். அளவு கேட்டால் எந்த ஸ்தபதியும் எழுதித் தரமாட்டார். விரலால் கிள்ளிப் பார்த்து எண்ணெயைக் கூட்டுவார், குறைப்பார். அந்த மெழுகில் ஒரு கிலோ வாங்கி வந்து பழகுங்கள். ஒரு கிலோ மெழுகில் செய்த கனமான உருவத்துக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ உலோகம் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். செலவுக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுவாமிமலையைப் பற்றிக் கேட்டீர்கள். கற்றுத்தருவார்களா என்றால், தருவார்கள். எப்படிப் போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. வழிபாட்டுக்குரிய திருமேனி செய்வது ஸ்தபதி குடும்பங்களின் பரம்பரைப் பொறுப்பு. அதைக் குறுக்கு வழியில் கேட்கக் கூடாது. ஆனால், பட்டறைகளில் மெழுகு வேலையும் மண் வேலையும் உளி வேலையும் செய்கிறவர்களில் வெளிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் உண்டு. நீங்கள் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு காரில் போய் இறங்கினால் நாற்காலி போட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாடகைக்கு அறை எடுத்து ஒரு மாதம் தங்குங்கள். "ஐயா, மண் பூசுகிற இடத்தில் ஒரு மாதம் இருக்க அனுமதி வேண்டும், உங்கள் நேரத்துக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இருபது வயதுப் பையன் உங்களுக்கு மண் பிசையக் கற்றுத்தருவான். அவனை வாங்க போங்க என்றே பேசுங்கள், அந்த இடத்தில் அவர்தான் உங்களுக்கு மூத்தவர். மாமல்லபுரத்து அரசுக் கல்லூரியில் உலோகச் சிற்பம் உட்பட மரபுச் சிற்பத்துக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, ஆனால் அது பள்ளி முடித்து வருகிற பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைந்தது. உங்களுக்குப் பட்டறைதான் பள்ளி.

மண் பூசும் இடத்தை ஏன் சொன்னேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மெழுகு உங்களுக்குத் தெரியும். மண் தெரியாது. உங்கள் ஆய்வகத்தில் அச்சுப்பொடி பையில் வருகிறது. நீர் அளவு பையிலேயே அச்சிட்டிருக்கும். அங்கே மெழுகு உருவின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். சந்தனம் போல் அரைத்த மண். நகக்கீறலைக்கூட அது அப்படியே வாங்கிக்கொள்ளும். நிழலில் உலர்ந்த பிறகு அடுத்த பூச்சு, பிறகு மணல் கலந்த கனமான பூச்சு, பெரிய உருவமானால் இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டி அடுக்கிச் சூடாக்கி மெழுகை வடித்த பிறகு, அச்சை வாய் மேலே இருக்கும்படி மண்ணில் புதைத்து, மூசையில் உருகிய உலோகத்தை நூல் பிடித்ததுபோல் ஊற்றுவார்கள். ஊற்றும் நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்கு முன் மண் காய்வதற்குக் காத்திருந்த நாட்கள்தான் அந்த ஒரு நிமிடத்தைக் காப்பாற்றுகின்றன.

இதை நான் அனுபவித்து அறிந்தேன். இரண்டாம் ஆண்டு, ஐப்பசி மாதம். ஒரு அடி உயர உருவம். நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அச்சைத் தொட்டுப் பார்த்தேன், வெளுத்துக் காய்ந்திருந்தது. சூடாக்கி மெழுகையும் வடித்துவிட்டேன். அடிப்பகுதியின் உள்ளே ஈரம் நின்றிருந்ததை நான் அறியவில்லை. நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்த உலோகம் உள்ளே போனதும் அச்சின் வாயிலிருந்து பீறிட்டுத் திரும்பி வந்தது. இடது கணுக்காலில் காசளவு தழும்பு இன்றும் இருக்கிறது. அன்று எனக்கு எதிரே மூசையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்துப் பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன். அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நான் உலோகம் ஊற்றுவதே இல்லை. மெழுகு வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வார்ப்பா வெல்டிங்கா என்ற கேள்வியில் ஹூலியோ கொன்சாலஸ் என்ற ஸ்பானியச் சிற்பியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். 1876-ல் பார்சலோனாவில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். நகையும் அலங்கார உலோக வேலையும்தான் அவருக்குச் சோறு போட்டன. 1918-ல், நாற்பது வயதைக் கடந்த பிறகு, பாரிஸ் அருகே ரெனோ கார் ஆலையில் வேலை செய்தபோது வாயுச் சுடரால் இரும்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். அதை உடனே சிற்பத்துக்குக் கொண்டுவந்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1928-ல், நண்பர் பிக்காசோவுக்கு உலோகச் சிற்பங்களில் உதவத் தொடங்கினார். அந்த வேலைக்கு நடுவில்தான் தன் வழியும் அவருக்குத் துலங்கியது. அப்போது அவருக்கு உங்கள் வயது, 52. இன்று அவர் பெயரை நிலைக்கவைத்திருக்கும் இரும்புச் சிற்பங்கள் பெரும்பாலும் அதன் பிறகு, 1942-ல் அவர் இறப்பதற்குள், செய்யப்பட்டவை. 1937 பாரிஸ் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்கில் நின்ற 'மொன்செராத்', கையில் அரிவாளும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும் உழவுப் பெண், இரும்புத் தகட்டை அடித்து வளைத்துப் பற்றவைத்தது. அவர் வெறுங்கையோடு 52 வயதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலோகத்தைத் தொட்ட கை அது. உங்களுடையதும் அப்படித்தான்.

நம் ஊரிலும் தகட்டு வேலைக்கு அழகான வழி உண்டு. 1966-ல் ஓவியர் பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஜானகிராம் தகட்டைத் தட்டி எழுப்பிய முகங்களும், நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் பற்றவைத்து எழுப்பிய உருவங்களும் கோயில் கவசத்தையும் வாகனத்தையும் நினைவூட்டும், ஆனால் நகல் அல்ல. முதல் இரண்டு ஆண்டு மெழுகு, மூன்றாம் ஆண்டில் தகடு என்பது உங்களுக்கு நான் சொல்லும் வரிசை. வெல்டிங் உடனே பதில் சொல்லிவிடும், ஒட்டினால் ஒட்டிக்கொண்டது. அந்த வேகம் உங்களை மயக்கும். 23 ஆண்டு வெல்டிங்கோடு வாழ்ந்தவன் என்பதால் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். முதலில் காத்திருக்கப் பழகிக்கொண்டு பிறகு அதனிடம் போங்கள்.

நுரையீரல் பற்றி மருத்துவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வக அச்சுப்பொடியில் இருக்கும் சிலிக்கா. அச்சை உடைக்கும்போது முகக்கவசம் இல்லாமல் இருக்காதீர்கள். பல் வேலைக்கு வந்த பழைய நிக்கல்-குரோமியக் கலவைகள் சிலவற்றில் பெரிலியம் உண்டு. அவற்றைச் சிற்பத்துக்காகத் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உங்கள் அடுத்த நந்தி அதில் வேண்டாம். மூன்றாவது, துத்தநாகம். பித்தளையை உருக்கும்போதும், துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பற்றவைக்கும்போதும் வெண்புகை எழும். அன்று மாலையே குளிர்காய்ச்சல் மாதிரி உடல் நடுங்கும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் நம்புகிறார்கள். அதை நம்பாதீர்கள், காற்று ஓடும் இடத்தில் வேலை செய்யுங்கள். ஈயம் சேரும் கலவைக்கு இன்னும் கவனம் வேண்டும்.

வருமானம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இதை வருமானமாக எண்ணாதீர்கள், செலவாகவே எண்ணுங்கள். கிளினிக்கை விற்க வேண்டாம் என்று நான் சொன்னதன் முக்கியமான காரணம் பணம் மட்டுமல்ல. சாப்பாட்டுக்காகச் சிற்பம் செய்யத் தொடங்கினால் முதல் ஆண்டிலேயே பரிசுப்பொருள் கடைக்குப் பிள்ளையார் செய்யத் தொடங்கிவிடுவீர்கள். அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் நீங்கள் எழுதிய கடிதம் அதைக் கேட்கவில்லை. பின்னால் வேலை வரும்போது, உலோகத்தின் விலையையாவது முன்பணமாக வாங்காமல் மெழுகைத் தொடாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் சந்தர்ப்பம் வந்தால், அது தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்கி அனுப்புங்கள். புது வெண்கலத்துக்குப் பழையதுபோல் பச்சைக் களிம்பு ஏற்றிக் கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நம் கோயில்களிலிருந்து களவு போனவற்றின் கணக்கு நமக்குத் தெரியும். அந்தப் பாவத்தில் ஒரு துளிகூட நம் கையில் ஒட்டக் கூடாது.

உங்கள் துணைவியாரின் தயக்கத்தை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொட்டகையும் உலையும் என்று கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு கிலோ மெழுகு, ஒரு சுழல்பலகை என்று சொல்லிப் பாருங்கள். என் மனைவி முதல் ஆண்டில் நான் செய்த கைகளைப் பார்த்து, "இது யாரையும் கூப்பிடவில்லையே" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பல மாதங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எதிர்ப்பல் இல்லாத வேலையில், பொய் சொல்லாத ஒரு வீட்டாள் கிடைப்பது பெரிய பேறு. உங்கள் இருபது கைகளையும் அவரிடமே முதலில் காட்டுங்கள்.

மழை முடிந்து, தை பிறந்து பத்து நாள் ஆன பிறகு என் பட்டறையில் நான்கு அச்சுகள் சுடுகிறோம். அந்த வாரம் வாருங்கள். ஆறாவதோ ஏழாவதோ, அதுவரை செய்து முடித்திருக்கும் கையை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்கார்ந்து கொண்டுவாருங்கள். நந்தியையும் எடுத்துவாருங்கள்; அதன் திமிலை முதுகோடு சேர்ப்பது எப்படி என்று ஸ்தபதி ஐயாவிடம் காட்டிக் கேட்போம். நீளமான பருத்திக் கால்சட்டையும் செருப்பல்லாத மூடிய காலணியும் போட்டுக்கொண்டு வர வேண்டும். முதல் நாள் உங்களுக்கு மண் பிசையும் வேலை.